சிவப்புக் கோடு

என் கணவன் டார்சியின் விரல்களை நம்பித்தான் எங்கள் பக்கத்தில் பாதி ஆட்டுக்குட்டிகள் பிறக்கின்றன. இதைக் கேட்டு யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். நாங்கள் செம்மறிக் கிடா வளர்த்து விற்கிறவர்கள். ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் மேற்குப் பக்கம், குருண்டா ஊரைத் தாண்டி எங்கள் பண்ணை. அக்டோபர் கடைசியில் எங்கள் கிடா ஏலம். அதற்கு முன்னால், எங்களுக்குக் குளிர்காலமான ஆகஸ்டில், ஒவ்வொரு கிடாவின் விதையையும் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். விதை கெட்ட கிடாவை விற்றுவிட்டால், வாங்கினவன் அடுத்த வருஷம் குட்டியில்லாமல் நம் வாசலில் வந்து நின்று கத்துவான். அவன் கத்துவதில் நியாயமும் இருக்கும்.

பார்க்கிற விதம் இதுதான். கிடாக்கள் ஒடுக்கமான சந்தில் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். டார்சி பின்னால் குனிந்து இரண்டு கையாலும் பிடிப்பான். இரண்டும் ஒரே அளவா, மடக்கிய கையின் தசை மாதிரி கெட்டியாக இருக்கிறதா, எங்கேயாவது கல்போலத் தட்டுப்படுகிறதா. ஒரு கிடாவுக்கு ஒரு மூச்சுவிடும் நேரம், அவ்வளவுதான். பேச்சைக்கூட நிறுத்த மாட்டான். முந்தின சனிக்கிழமை ஆடின ஃபுட்பாலைப் பற்றிப் புலம்பிக்கொண்டே பார்ப்பான். பக்கத்தில் நான் சாயக்குச்சியோடு நிற்பேன். தேறினதற்கு முதுகில் நீலக் கோடு, தேறாததற்குச் சிவப்பு. சிவப்பு வாங்கினது அன்றைக்கே கறிக்கு லாரி ஏறும்.

"சந்தேகம்னா லாரி" என்பான். இரண்டாவது தடவை பார்ப்பது, ஒரு வாரம் விட்டுப் பார்ப்பது, இந்தக் கதையெல்லாம் அவனிடம் நடக்காது. கட்டி என்று இருந்தால் அது நாளைக்குச் சின்னதாகிவிடப் போவதில்லை என்பது அவன் கட்சி.

எங்கள் ஊர் ஆண்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கிடாவின் கொட்டையைப் பற்றி அவர்கள் எங்கே வேண்டுமானாலும் பேசுவார்கள். என் கல்யாண விருந்தில், பாதிரியாருக்கு எதிரில் உட்கார்ந்து, கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அளவு காட்டிப் பேசினவர்கள். ஆனால் தங்களுக்கும் அதே உறுப்பு இருக்கிறது என்பதை அவர்கள் ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. டாக்டரிடம் போனால் 'கீழே' என்பார்கள். மிஞ்சிப்போனால் 'அந்தப் பக்கம்'.

ஃபுட்பால் கிளப்பில் ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். இளவயது ஆண்களுக்குத்தான் விதையில் புற்றுநோய் அதிகம் வருகிறது, மாதம் ஒருமுறை குளிக்கும்போது தடவிப் பாருங்கள், கட்டி தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள் என்று படம் போட்டு எழுதியிருந்தது. ஆண்கள் சிறுநீர் கழிக்கும் இடத்தில் கண்ணுக்கு நேராக ஒட்டியிருந்தார்கள். வேறு எங்கேயும் பார்க்க முடியாதே என்று நல்ல யோசனை. பக்கத்துப் பண்ணை ப்ரோடி முதல் வாரமே அந்தப் படத்தில் இருந்த இரண்டுக்கும் மூக்குக்கண்ணாடியும் மீசையும் வரைந்துவிட்டான். அதற்குப் பிறகு அவற்றுக்குப் பெயரும் வைத்தார்கள். டார்சி ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மீசைகளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான். அவனுக்கு அப்போது வயது முப்பத்தொன்று.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஒரு குளிர்காலத்தில் டார்சி படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தான். முதுகுவலி என்றான். குளிக்கப் போனால் வெளியே வர நேரமாகும். நான் தொட்டால் ஏதோ வேலை ஞாபகம் வந்த மாதிரி எழுந்து போய்விடுவான். உண்மையைச் சொல்கிறேன், வேறு ஒரு பெண் இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கம்பளி வாங்க வருகிற கம்பெனிக்குப் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். நல்ல பற்கள் அவளுக்கு. அவள் வந்தால் டீ கொடுக்காமல் அனுப்பினேன், பாவம். கடைசியில் அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தபோது, இருந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆகஸ்டில் கிடா பார்க்கிற நாள் வந்தது. கால்நடை டாக்டர் இங்க்ரிட் பக்கத்துப் பட்டியில் கிடாக்களுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். சந்தின் இந்த முனையில் நானும் டார்சியும். அன்றைக்கு அவன் ஃபுட்பாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து பிடித்தவன் பிடித்தபடியே நின்றான்.

"சிவப்பு," என்றான்.

போட்டேன். இரண்டு கிடா தள்ளி மறுபடி சிவப்பு. அப்புறம் வரிசையாக மூன்று. வழக்கமாக ஒரு வருஷம் முழுக்கக் கழிகிறது இத்தனை இருக்காது. ஏதோ நோய் பரவிவிட்டதோ என்று சிவப்பு வாங்கினவற்றைத் திரும்பிப் பார்த்தேன். அப்போது சந்துக்குள் வந்து நின்றது, நாங்கள் 'ஜட்ஜ்' என்று கூப்பிடுகிற கிடா. ஏலத்தின் தலைமைக் கிடா அதுதான். கீழேயிருந்து நம்மைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற மாதிரி ஒரு முகம் அதற்கு. டார்சி பிடித்தான். திரும்பவும் பிடித்தான்.

"சிவப்பு."

"ஜட்ஜுக்கா? விளையாடாத."

"கட்டி இருக்கு மார்னி. போடு."

"எங்க இருக்கு?"

"இடது பக்கம். அடியில. பட்டாணி மாதிரி."

நான் சாயக்குச்சியை வாயில் கவ்விக்கொண்டு என் கையை விட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷம் கூடவே நின்றதில் எனக்கும் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு. இடது, வலது, அடி, மேல் எல்லாம் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லையே."

"இருக்கு. உனக்குத் தெரியல."

"சரி, முன்னாடி போன மூணுக்கு எங்க இருந்துச்சு?"

"இடது பக்கம்."

"அதுக்கும் முன்னாடி?"

அவன் அடுத்த கிடாவைத் தள்ளினான்.

"அதுக்கும் இடது பக்கம் அடியில பட்டாணியா டார்சி?"

நான் இங்க்ரிட்டைக் கூப்பிட்டேன். வந்தாள். சிவப்புக் கோடு வாங்கியிருந்த எல்லாக் கிடாவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிலும் கட்டி இல்லை. ஜட்ஜைக் கடைசியாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்த சீசன்ல நான் பாத்ததிலேயே நல்ல ஜோடி இது. எதுக்குக் கழிச்ச? தூக்கம் சரியில்லையா உனக்கு?"

டார்சி வேலியில் சாய்ந்துகொண்டு கையைத் துணியில் துடைத்தான். துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சும்மா கேக்குறேன் இங்க்ரிட். ஒரு கிடாவுக்கு அப்படி இருக்குன்னு வை. வலி இல்ல. மெதுவா பெருசாகுது. எத்தன நாள் விட்டு வைக்கலாம்?"

"விட்டு வைக்கிறதா? நீயா கேக்குற? உன் சட்டப்படி அது நேத்தே லாரில போயிருக்கும்."

சொன்னவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். ஊசி எடுத்து வருகிறேன் என்று வண்டிக்குப் போனாள். ஊசி அவள் இடுப்புப் பையிலேயே இருந்தது.

"எப்பலருந்து?" என்றேன்.

"ஜூன்."

"ஜூன்லருந்தா? என்கிட்ட சொல்லத் தோணலையா?"

"கிடா முட்டினதுன்னு நினைச்சேன். இல்லன்னா மேட்ச்ல அடிபட்டது. போயிரும்னு நினைச்சேன்."

"உன் கிடாவுக்குப் போயிரும்னு நினைப்பியா?"

"ஏலம் முடியட்டும் மார்னி. இன்னும் ரெண்டு மாசம்தான். முடிஞ்ச மறுநாள் போயிடறேன். ப்ராமிஸ்."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இவ்வளவு கைகாரன், ஒரு மூச்சுவிடும் நேரத்தில் தீர்ப்புச் சொல்கிறவன், தன் விஷயத்துக்கு ஏலத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் அடுத்த கிடாவுக்குக் குனிந்தான். அந்தப் பச்சை மழைக்கோட்டின் முதுகு எனக்கு எதிரே இருந்தது. கையில் சாயக்குச்சி இருந்தது. ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை அழுத்தி ஒரு சிவப்புக் கோடு போட்டேன்.

அவன் நிமிர்ந்து திரும்பினான்.

"என்ன பண்ற?"

"சந்தேகம்னா லாரி," என்றேன். "வண்டில ஏறு."

ஏறினான். அவன் அவ்வளவு சொன்னபடி கேட்டு நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போகிற வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். டார்சி கண்ணாடி துடைக்கக் கீழே இறங்கினான். எதிர் வரிசையில் ப்ரோடி. எங்கள் ஊர் ஃபுட்பால் அணியின் கேப்டன், இருபத்தேழு வயது, வாயைத் திறந்தால் கேலி. முதுகில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டான்.

"என்ன மாப்ள, உன்னையே கழிச்சுட்டாளா? எது, சின்னதா இருக்குன்னா?"

"ஆமாடா. உன்னோடத பாத்துட்டு வந்து அவளுக்கு என்னோடது பிடிக்கல."

இருவரும் சிரித்தார்கள். நான் காசு கொடுத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தேன்.

குருண்டா கிளினிக்கில் அப்போது புதிதாக ஒரு பெண் டாக்டர், சின்ன வயது. டார்சி கதவிலேயே தயங்கினான். நானும் உள்ளே போனேன், ஓடிவிடுவான் என்று. அவர் கையுறை போட்டுக்கொண்டு பரிசோதித்தார். டார்சி கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"கொஞ்சம் மேலருந்து வாங்க. கட்டைவிரல் முன்னாடி இருக்கணும். ஒண்ண ஒண்ணோட வச்சுப் பாக்கணும், தனித்தனியா பாத்தா தெரியாது."

"நீங்க மெடிக்கல் படிச்சிருக்கீங்களா?"

"இல்ல. கிடா."

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் விரல்கள் ஒரே இடத்தில் நின்றுவிட்டிருந்தன. இடது பக்கம், அடியில்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ஸ்கேன். அடுத்த வாரம் மெல்போர்னில் பெரிய ஆஸ்பத்திரி. அடிவயிற்றின் ஓரத்தில் கீறி இடது விதையை எடுத்தார்கள். அதற்கு முன்னால் அறுவை டாக்டர், வேண்டுமென்றால் அந்த இடத்தில் சிலிகானில் செய்த ஒன்றை வைத்துவிடலாம், பார்க்க வித்தியாசம் தெரியாது என்றார். டார்சி கொஞ்சம் யோசித்தான்.

"வாங்க வர்றவன் கைவச்சுப் பாத்தா கண்டுபிடிச்சுருவானா?"

"யாரு வாங்க வர்றவங்க?" என்றார் டாக்டர்.

"விடுங்க. வேண்டாம்."

கீமோ மருந்து ஏற்ற வேண்டி வரலாம், அதற்குப் பிறகு குழந்தை பிறப்பது சந்தேகம் என்று முன்கூட்டியே விந்து சேமிக்கச் சொன்னார்கள். எங்கள் ஷெட்டில் திரவ நைட்ரஜன் டப்பா ஒன்று இருக்கிறது. செத்துப்போன எங்கள் பழைய சாம்பியன் கிடாவின் விந்து அதில் குழல் குழலாகத் தூங்குகிறது. அந்தக் கிடாவுக்கு என்னென்ன உபசாரம் செய்தோம் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு பெட்டை, சரியான சூட்டில் வெந்நீர், யாரும் சத்தம் போடக்கூடாது. என் கணவனுக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பையும், துடைத்தால் சுத்தமாகிவிடுகிற நாற்காலி ஒன்று போட்ட அறையும் கொடுத்தார்கள். வெளியே நான் உட்கார்ந்திருந்தேன். வந்தான். "கிடாவாப் பொறந்திருக்கலாம்" என்றான். இருவரும் அந்த வராந்தாவில் வெட்கமில்லாமல் சிரித்தோம்.

மறுநாள் சிரிப்பு போய்விட்டது. வயிற்றின் பின்பக்கத்து நிணநீர் முடிச்சுகளில் கொஞ்சம் பரவியிருக்கிறது என்றார்கள். குணமாகிற நோய்தான், பெரும்பாலும் முழுசாகவே குணமாகிவிடும், பயப்படாதீர்கள் என்றார்கள். மூன்று சுற்று கீமோ மருந்து. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன், ஜூனில் வந்திருந்தால் என்று. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்போ வந்திருந்தா ஆபரேஷனோட முடிஞ்சிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு. ஆனா இப்ப வந்துட்டீங்க. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன்."

கார் நிறுத்துகிற இடத்தில் வைத்து நான் அழுதேன். அவன்மேல் எனக்கிருந்த கோபம் முழுவதும் அழுகையாகத்தான் வந்தது. அவன் என் தோளைத் தட்டிக்கொண்டே நின்றான். "ஏலத்துக்கு முன்னாடி ரெண்டு சுற்று முடிஞ்சிரும்" என்றான். ஒரு ஆளைத் திருத்துவதற்குப் புற்றுநோய்க்குக்கூட நாள் பிடிக்கும் போலிருக்கிறது.

ஊருக்குள் செய்தி பரவியது. வாசலில் மூடிபோட்ட பாத்திரங்களில் சாப்பாடு வந்து இறங்கியது. யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "டார்சிக்கு உடம்பு எப்படி, அந்த விஷயம்..." என்று இழுப்பார்கள். கிடா வாங்குகிறவர்கள் போன் செய்தார்கள். நலம் விசாரித்து முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிடாக்கிட்டருந்து தொத்துமா?" என்று கேட்டார்கள். ஒருத்தர் திருப்பிக் கேட்டார், "இல்ல, அவன்கிட்டருந்து கிடாவுக்கு?" நான் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ப்ரோடி வந்தான். பன்னிரண்டு முட்டை பிடிக்கிற அட்டைப்பெட்டி. உள்ளே ஒரே ஒரு முட்டை. மூடியில் அணி முழுக்கக் கையெழுத்து. டார்சி கண்ணில் நீர் வரச் சிரித்தான். ப்ரோடி போன பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டான். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து சொன்னான்.

"ஒத்தை விதைக் கிடாவ நான் ஒரு தடவ கூட நிறுத்தி வச்சதில்ல மார்னி. எல்லாத்தையும் லாரிதான்."

"சட்டம் கிடாவுக்கு. கதவத் திற."

"உனக்கு வித்தியாசமா இல்லையா?"

"இருக்கு. முன்ன மாதிரி சுவரப் பாத்துத் திரும்பிப் படுக்க மாட்டேங்குற. அது வித்தியாசமாத்தான் இருக்கு. திற."

திறந்தான். அதற்கு மேல் நடந்தது எங்கள் விஷயம். இப்போது மூன்று வருஷம் ஆகிறது, அவன் தோட்டத்தில் இருக்கிறான், எங்கள் மகள் அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு சேற்றில் நிற்கிறாள். அவள் வந்ததற்கு மெல்போர்னில் சேமித்து வைத்த குழல்கள் தேவைப்படவில்லை. இருந்தாலும் அவற்றுக்கு வருஷ வாடகை கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், நிறுத்தச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. ஸ்கேன் நாளுக்கு முந்தின வாரம் வந்தால், எண்ணெய் போடத் தேவையில்லாத கேட்டுக்கெல்லாம் எண்ணெய் போடுவான். நானும் கூட நின்று டப்பாவைப் பிடிப்பேன். இதெல்லாம் பின்னால் நடந்தது. நான் சொல்ல வந்தது அந்த வருஷத்து ஏலத்தைப் பற்றி.

ஏலத்தன்று நல்ல வெயில். மருந்து ஏற்றுகிற நர்ஸ், கூட்டத்துக்குள் போகவே கூடாது, சாதாரணச் சளி பிடித்தால்கூட ஆபத்து என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வீட்டுக்குள் இரு என்றேன். கேட்பானா. கடைசியில், பின்பக்கம் திறந்த எங்கள் யூட் வண்டியைப் பட்டிகளிலிருந்து தள்ளி நிறுத்தி, அதன் பின்பலகைமேல் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். தலையில் ஒரு மயிர் இல்லை, புருவமும் போய்விட்டது. புதிதாகக் கம்பளி கத்தரித்த ஆடு மாதிரி வெளுத்திருந்தான். அந்த மழைக்கோட்டையேதான் போட்டிருந்தான். சாயம் துவைத்தும் போகவில்லை.

எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் தொடங்குமுன் வாங்க வந்தவர்கள் பட்டி பட்டியாக இறங்கி, கிடாவுக்குப் பின்னால் குனிந்து, தங்கள் கையால் ஒருமுறை பிடித்துப் பார்த்துக்கொள்வார்கள். கால்நடை டாக்டர் சொன்னாலும் சரி, கடவுளே சொன்னாலும் சரி, தன் கை பார்க்க வேண்டும். அன்றைக்கும் எழுபது எண்பது தொப்பிகள் வரிசையாகக் குனிந்திருந்தன. ப்ரோடி அவன் அப்பாவுக்காக ஜட்ஜை வாங்க வந்திருந்தான். குனிந்து பிடித்தவன், "டார்சி, ரெண்டும் சரியா இருக்குடா. பொறாமையா இல்ல?" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது, நாற்காலியிலிருந்து டார்சியும் கையைத் தூக்கிக் காட்டினான்.

ஏலம் விடுகிற வாரன் வயசானவர், என் மாமனார் காலத்திலிருந்து விடுகிறார். வழக்கப்படி பண்ணைக்காரன் ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை டார்சியிடம் கொடுத்தனுப்பினார். டார்சி வருஷா வருஷம் பேசுவது ரெண்டே வார்த்தைதான். வந்ததுக்கு நன்றி, மத்தியானம் பீர் இருக்கு. அன்றைக்கு எழுந்து நின்றான்.

"வந்ததுக்கு நன்றி. கிடா எல்லாம் நல்லா இருக்கு. இங்க்ரிட் பாத்துட்டா. நீங்களும் காலையிலருந்து குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டீங்க. ஒரு பட்டாணி அளவு கட்டி இருந்தாலும் இங்க ஒருத்தனும் கை தூக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். நானும் தூக்க மாட்டேன்."

நிறுத்தி மூச்சு வாங்கினான்.

"எனக்கு ஜூன்ல தெரிஞ்சுது. வலியே இல்ல, அதுதான் சனியன். ரெண்டு மாசம் யார்கிட்டயும் சொல்லல. நல்ல கிடாவையெல்லாம் கழிச்சுட்டிருந்தேன், என்னைத் தவிர. என் பொண்டாட்டி முதுகுல இந்தச் சிவப்புக் கோட்டப் போட்டு வண்டில ஏத்தினா. அதான் இங்க நிக்கிறேன். முதல்லயே போயிருந்தா இந்த மொட்டைத்தலைக்கு வேலை இருந்திருக்காது." தலையைத் தடவிக்கொண்டான். "அங்க ரெண்டு டாய்லெட் வச்சிருக்கோம். ஷெட்டுக்குப் பின்னாடியும் எடம் இருக்கு. எல்லாரும் போய் உங்களோடதப் பிடிச்சுப் பாத்துட்டு வாங்க. எப்படிப் பாக்கிறதுன்னு இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்ல. அதுக்கப்புறம்தான் ஏலம்."

ஒருத்தரும் அசையவில்லை. எல்லாரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். ஆடு ஒன்று இருமியது. பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்க்க டீ விற்ற அம்மாக்களோடு நான் டீ மேசையில் நின்றுகொண்டிருந்தேன். என் கணவன் அத்தனை பேர் முன்னால் தனியாக நிற்பதைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யாராவது ஒரு வார்த்தை கேலியாகச் சொல்லியிருந்தால் கெட்டிலை எடுத்து வீசியிருப்பேன்.

வாரன்தான் முதலில் நகர்ந்தார். சுத்தியலை மேடைமேல் வைத்தார்.

"என் வயசுக்கு இது வராதும்பாங்க. ஆனா எப்படியும் எனக்கு ஒண்ணுக்குப் போகணும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அப்புறம் ஒருத்தர், அப்புறம் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் வரிசையே கட்டிவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சர்ச்சில் நற்கருணை வாங்கப் போகிறவர்கள் மாதிரி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே வந்தவர்கள் சத்தமாக, "நீலம்" "எனக்கும் நீலம்" என்று அறிவித்துக்கொண்டு வந்தார்கள். அம்மாக்களுக்குச் சிரித்துச் சிரித்து ஸ்கோன் ரொட்டித் தட்டு கைநழுவியது. ப்ரோடி உள்ளே போகும்போது, "எனக்கு நேரமாகும், என்னோடது பெரிய பண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நேரமாகத்தான் ஆனது. பின்னால் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். வந்தவன் எதையும் அறிவிக்கவில்லை. நேராகப் பட்டி வேலியில் போய்ச் சாய்ந்துகொண்டான்.

ஏலம் தொடங்கியது. நன்றாகவே போயிற்று. ஜட்ஜ் வந்தபோது வாரன் ப்ரோடியைப் பார்த்து இரண்டு தடவை நிறுத்தினார். ப்ரோடி கை தூக்கவில்லை. எங்கேயோ வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ஜட்ஜ் தெற்கே ஒரு பண்ணைக்குப் போயிற்று.

கூட்டம் பீருக்கு நகர்ந்த பிறகு ப்ரோடி என் மேசைக்கு வந்தான். ஒரு டீ கேட்டான். கொடுத்தேன். குடிக்கவில்லை.

"மார்னி, கிளினிக்ல அந்த லேடி டாக்டர்... சனிக்கிழமை இருப்பாங்களா?"

"மத்தியானம் வரைக்கும் இருப்பாங்க. யாருக்கு?"

"ஃப்ரெண்டு ஒருத்தன். நீ அவனப் பாத்ததில்ல."

"ஃப்ரெண்டுக்கு எந்தப் பக்கம்?"

டீயைப் பார்த்தான்.

"வலது."

"எப்பலருந்தாம்?"

"ஃபுட்பால் சீசன் ஆரம்பத்துலருந்து. அடிபட்டதுன்னு நினைச்சானாம்." கப்பை மேசையில் வைத்தான். "அறுவடை வருது மார்னி. அப்பா தனியா என்ன பண்ணுவாரு. அறுவடை முடிஞ்சதும் போகச் சொல்லலாம்ல அவன?"

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, மணி இரண்டரைதான் ஆகியிருந்தது, கிளினிக் ஐந்து மணி வரைக்கும் உண்டு. நான் வெண்ணெய்க் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன். வண்டிச் சாவிக்காக ஏப்ரன் பையில் கைவிட்டேன். காலையில் கிடாக்களுக்கு அடையாளக் கோடு போட்ட சாயக்குச்சிகளும் அதில்தான் கிடந்தன. எல்லாமாகச் சேர்ந்து கையோடு வந்தன. ப்ரோடி சிவப்பைப் பார்த்தான். தள்ளி யூட் வண்டிமேல் உட்கார்ந்திருந்த டார்சியைப் பார்த்தான்.

அவனாகவே திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.